எந்த நோயாளியிடம் கேட்ட கேள்வி?

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை அழவில்லை. முகத்தைத் துடைத்து, முகமூடி பொருத்திக் காற்றை ஊதுகிறார்கள். சில நிமிடங்களில் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்குகிறது. இதயம் துடிக்கிறது. ஆனால் கைகால்கள் துவண்டு கிடக்கின்றன. சில மணி நேரத்தில் வலிப்பு வருகிறது. பிறப்புக்கு முன்னரோ பிறக்கும் நேரத்திலோ மூளைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காததன் விளைவு இது. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் எவரும் இந்தக் காட்சியை மறக்க முடியாது. வெளியே நிற்கும் தகப்பனிடம் என்ன சொல்வது என்பதுதான் அந்த நேரத்தில் மருத்துவரின் மிகப் பெரிய பாரம்.

பணக்கார நாடுகளில் இதற்கு ஒரு சிகிச்சை வந்தது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்து, 72 மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். மூளைச் செல்கள் அடுத்தடுத்து மடிவதைக் குளிர்ச்சி தடுக்கிறது என்பது இதன் அடிப்படை. 2005 முதல் அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதனால் மரணமும் ஊனமும் குறைவதை ஐயமின்றிக் காட்டின. அங்கே அது வழக்கமான சிகிச்சை ஆனது. நம் ஊர்களிலும் பல மருத்துவமனைகள் அதை ஏற்றுக்கொண்டன. விலை உயர்ந்த கருவிகள் இல்லாத இடங்களுக்காக, தொடர் மின்சாரம் இல்லாமலே வெப்பத்தை உறிஞ்சும் பொருள் கொண்ட குளிரூட்டும் தொட்டில் ஒன்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பங்களிப்போடு உருவாக்கப்பட்டது. எல்லோரும் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹீலிக்ஸ் ஆய்வு வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சுதின் தய்யில் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் 7 பெரிய மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியும் அதில் பங்கெடுத்தது. 408 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு தானே வெப்பநிலையைச் சீராக்கும் கருவி மூலம் குளிரூட்டல். மறு பாதிக்கு அது தவிர மற்ற எல்லாத் தீவிர சிகிச்சையும். 18 மாதம் ஆனபோது கணக்கெடுத்தார்கள். மரணமோ கடுமையான ஊனமோ ஏற்பட்டவர்கள் குளிரூட்டிய குழுவில் நூற்றுக்கு 50. குளிரூட்டாத குழுவில் 47. இதில் உறுதியான வேறுபாடு இல்லை. மரணத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது: குளிரூட்டிய குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்திருந்தார்கள், குளிரூட்டாதவர்களில் 31.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல், எல்லாக் குழந்தைகளையும் குளிரூட்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? இவ்வளவு மோசமான நிலையில் வந்த நூறு பேரில் 58 பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள் என்பது தெரிந்திருக்கும். அந்த 58 தாய்மார்களும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். மருத்துவரும் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார். குளிரூட்டாமல் விட்டிருந்தால் 69 பேர் பிழைத்திருக்கக்கூடும் என்பதை எந்த அனுபவமும், எவ்வளவு கூர்மையான கண்ணும் சொல்லியிருக்காது. மருத்துவ ஆய்வு என்றாலே சோதனை எலி என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். குலுக்கலில் சேராத குழந்தைகள்மீதும் சோதனை நடந்துகொண்டுதான் இருந்தது. விடையைக் குறித்துக்கொள்ள யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கே காப்பாற்றிய குளிர்ச்சி இங்கே ஏன் காப்பாற்றவில்லை? ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் எனக்கு அதிகம் பொருத்தமாகப் படுவது, பாதிப்பு நடக்கும் நேரத்தைப் பற்றியது. பிரசவத்தின்போது திடீரென்று ஆக்சிஜன் தடைபட்டால், அடுத்த 6 மணி நேரம் மூளையைக் காப்பாற்ற ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் தாயின் சத்துக்குறைவு, நீண்டு போகும் பிரசவ வலி, விட்டு விட்டு வரும் ஆக்சிஜன் குறைவு என்று பாதிப்பு முன்கூட்டியே தொடங்கியிருந்தால், குழந்தை கருவியில் படுக்கும்போது அந்த வாசல் மூடியிருக்கும். பிறகு குளிர்ச்சி கூடுதல் சுமை மட்டுமே. மாற்றுக் கருத்தும் இருக்கிறது. ஆய்வில் சேர்ந்த குழந்தைகளில் கணிசமானோர் வேறு இடங்களில் பிறந்து ஆம்புலன்ஸில் வந்தவர்கள் என்றும், பிரசவம் நடந்த இடத்திலேயே நல்ல தீவிர சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு இந்த முடிவு பொருந்தாது என்றும் நம் குழந்தை மருத்துவர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஓயாமல் இருப்பது நல்லது. அதுவும், எந்த நோயாளியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டோம் என்ற விசாரணைதான்.

அண்மை ஆண்டுகளின் மருத்துவ ஆய்வுகளைப் படிக்கும்போது நான் தேடுவது இதையே. புதிய மருந்தின் பெயரைவிட, அது யாரிடம், எந்தச் சூழலில், எதற்கு எதிராக ஒப்பிடப்பட்டது என்பது முக்கியம். துறை மாறலாம். கேள்வி மாறுவதில்லை.

புற்றுநோய்க்கு வருவோம். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் இந்தியாவின் நோய் என்றே சொல்லிவிடலாம். புகையிலையும் பாக்கும் செய்த வேலை அது. நோய் முற்றிய நிலையில், உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் நிவோலுமாப் போன்ற மருந்துகள் ஆயுளைக் கூட்டுகின்றன. ஆனால் நம் நாட்டில் அதற்குச் செலவழிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேற மாட்டார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு துணிச்சலான கேள்வியைக் கேட்டார்கள். வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் கொடுக்கும் மருந்தை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தால் என்ன? கேள்வி கண்மூடித்தனமானது அல்ல. இந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் மிகக் குறைந்த அளவிலேயே நிரம்பிவிடுகின்றன என்பது ஆரம்பகட்ட ஆய்வுகளிலேயே தெரிந்திருந்தது.

151 நோயாளிகளுக்கு, அங்கே வழக்கத்தில் இருக்கும் மலிவான மூன்று வாய்வழி மருந்துகளின் கூட்டு கொடுக்கப்பட்டது. அவர்களில் பாதிப் பேருக்குக் கூடவே அந்த 20 மில்லிகிராம் ஊசி. 2022இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் ஊசி இல்லாத குழுவில் நூற்றுக்கு 16. ஊசி போட்ட குழுவில் 43. முற்றிய புற்றுநோயில் இது சிறிய வித்தியாசம் இல்லை.

இந்தச் செய்தியை "ஒவ்வொரு முறையும் பன்னிரண்டில் ஒரு பங்கு மருந்தே போதும்" என்று எழுதினால் அது பிழை. குறைந்த அளவையும் முழு அளவையும் இந்த ஆய்வு நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கவில்லை. குறைந்த அளவையும் ஒன்றுமே இல்லாமையையும்தான் ஒப்பிட்டது. முழு அளவு கொடுக்க வசதி உள்ள நாட்டில் இந்த முடிவால் எதையும் மாற்ற முடியாது. ஆனால் முழு அளவு என்பது கனவாகவே இருக்கும் நோயாளிக்கு ஒப்பீடு சரியான இடத்தில்தான் நடந்திருக்கிறது. அவர் முன்னால் உண்மையில் இருந்த இரண்டு வழிகள் அவைதான்.

அதே டாடா மருத்துவமனை வழிநடத்திய இன்னொரு ஆய்வையும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு, கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசியை, பல் பிடுங்கும்போது போடுவார்களே அந்த லிடோகைன் மருந்தைச் செலுத்தினார்கள். 11 மருத்துவமனைகள், 1,600 பெண்கள். ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்ட குழுவில் நூற்றுக்கு 90. போடாத குழுவில் 86. நம்ப முடியாத அளவுக்கு எளிமையான விஷயம் என்பதாலேயே இதை இன்னும் சில இடங்களில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். மறு குழுவுக்கு வெறும் நீர் ஊசிகூடப் போடப்படவில்லை என்பது ஒரு குறை. ஆனால் காப்புரிமை இல்லாத, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மருந்தைத் திரும்பச் சோதிக்கப் பணம் போடப் போவது யார்? அரசுகளும் பொது நிதியும்தான் போட வேண்டும்.

மகப்பேறு மருத்துவத்தில் நடந்தது மனதுக்கு இன்னும் நெருக்கமானது. பிரசவத்துக்குப் பிறகு வரும் உதிரப்போக்கு உலகெங்கும் தாய்மார்களைக் கொல்வதில் முதலிடத்தில் நிற்கிறது. மருந்துகள் இல்லாத நோய் அல்ல இது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஊசி, இரத்தக் கசிவை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலம், சிரைவழி நீர்மம், வயிற்றின்மேல் கைவைத்துக் கருப்பையைத் தேய்த்துவிடுவது, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்ப்பது என எல்லாம் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை. பிறகு ஏன் இறக்கிறார்கள்? போன இரத்தம் எவ்வளவு என்பது தெரியாததால். பிரசவ மேசையில் துணியிலும் பஞ்சிலும் ஊறி, வாளியில் வழிந்து, பனிக்குட நீரோடு கலந்து கிடக்கும் இரத்தத்தைக் கண்ணால் அளப்பது எவராலும் ஆகாது. கர்நாடகத்தின் பெல்காம் பகுதியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, கண்ணளவு உண்மையில் போனதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறது என்று காட்டியிருந்தது. அந்த ஆய்வில் பயன்பட்டது, அடியில் புனல்போலக் குவிந்து அளவுக்கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.

அந்தக் கோடுகளின் பலத்தை 2023இல் ஈ-மோட்டிவ் ஆய்வு உலகுக்கே காட்டியது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகள். சுகப்பிரசவமான 2,10,132 பெண்கள். குழந்தை பிறந்ததும் தாயின் இடுப்புக்கு அடியில் விரிப்பை நுழைக்க வேண்டும். இரத்தம் 500 மில்லிலிட்டர் கோட்டைத் தொட்டால், அல்லது 300ஐத் தொட்டு நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ மாறினால், மேலே சொன்ன ஐந்து வேலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். ஒப்பீட்டு மருத்துவமனைகளிலும் விரிப்பு கொடுத்தார்கள். அதில் கோடுகள் இல்லை. கோடு இல்லாத இடங்களில் உதிரப்போக்கு வந்த பெண்களில் பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். கோடு உள்ள இடங்களில் நூற்றுக்கு 93 பேரை. கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவை, அதனால் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு 4.3இலிருந்து 1.6ஆக இறங்கியது. மரணத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு தெரியவில்லை, அத்தகைய மரணங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால். கோட்டுக்கு எவ்வளவு பங்கு, ஐந்தையும் சேர்த்துச் செய்ததற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கவும் முடியாது. அப்படியும், இந்த நூற்றாண்டின் மகப்பேறு ஆய்வுகளில் என்னை இதைவிட நெகிழவைத்தது வேறில்லை. புதிய மருந்து ஒன்றுமே இல்லை. செவிலியரின் கண்ணுக்கு ஒரு கோடு கொடுத்தார்கள்.

இரத்த அழுத்தத்துக்கு இலங்கையில் நடந்த டிரையம்ப் ஆய்வும் இதே வகைதான், சுருக்கமாகவே சொல்கிறேன். வழக்கம் என்ன? ஒரு மாத்திரையில் தொடங்குவார்கள். அடுத்த முறை வரும்போது அழுத்தம் குறையாவிட்டாலும், "உப்பைக் குறையுங்கள், அடுத்த மாதம் பார்ப்போம்" என்று அதையே தொடர்வார்கள். அடுத்த மாதம் பல மாதங்களாகும். டிரையம்பில் மூன்று மருந்துகளை ஒவ்வொன்றும் பாதி அளவில் ஒரே மாத்திரையாக முதல் நாளே கொடுத்தார்கள். 700 பேரில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. ஆறு மாதத்தில் அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் நூற்றுக்கு 70. வழக்கமான முறையில் 55. கூட்டமான வெளிநோயாளர் பிரிவில் மருத்துவருக்கு ஒரு நோயாளியோடு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று அறிந்தவர்கள் கேட்ட கேள்வி அது.

இனி காசநோய். நான் அதிகம் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரைச் சென்னைவாசிகள் தினமும் கேட்கிறார்கள். காசநோயாளிகளை ஊருக்கு வெளியே, நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும் கிடைக்கும் இடத்தில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த காலத்தின் பெயர் அது. மருந்துகள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் எம்மாத்திரம்? 1956இல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். அங்கே நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழு சானடோரியத்தில். மறு குழு நெரிசலான தன் வீட்டிலேயே, தன் குறைந்த சாப்பாட்டோடு. இரண்டு குழுவுக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக்கு.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகம் கூடியது. ஆனால் நோய் குணமானதில் இரு குழுவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. சென்னையின் எளிய மக்கள் உலகத்துக்குக் கொடுத்த கொடை என்று இதை நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த முடிவுக்கு ஒரு நிழலும் இருந்தது. குறைந்த சாப்பாட்டிலும் குணமானார்கள் என்பதை, காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்று மருத்துவ உலகம் வாசித்துக்கொண்டது. கேட்ட கேள்வி வேறு. மருந்தை ஒழுங்காக உட்கொள்பவருக்குக் கிருமி ஒழியுமா என்பதுதான் அங்கே கேட்கப்பட்டது. அவர் பக்கத்தில் படுத்துறங்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் நோய் வராமல் தடுக்கச் சாப்பாட்டால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. எலும்பும் தோலுமாக வருபவர் முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுவாரா என்றும் கேட்கவில்லை.

அறுபது ஆண்டு கழித்து அந்தக் கேள்வியை மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும், அதே சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து, ஜார்க்கண்டில் கேட்டார்கள். ரேஷன்ஸ் என்று பெயர் பெற்ற அந்த ஆய்வு 2019இல் தொடங்கி 2022 வரை நடந்தது. முடிவு 2023இல் வெளிவந்தது. 2,800 நோயாளிகள், அவர்களின் குடும்பத்தார் 10,345 பேர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் மாவு, எண்ணெய் அடங்கிய 10 கிலோ உணவுக் கூடை. குடும்பத்தாரைப் பொறுத்தவரைதான் ஒப்பீடு: ஒரு பகுதிக் குடும்பங்களில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும். மறு பகுதிக்கு அது இல்லை.

ரேஷன் கடை வாசலில் பையோடு நிற்கும் எவரும் மனக்கண்ணில் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய அளவு இது. அந்த அரிசியும் பருப்பும் குடும்பத்தில் புதிதாக வரும் காசநோயை நூற்றுக்கு 39 பங்கு குறைத்தன. சளிப் பரிசோதனையில் கிருமி உறுதியான நோயை 48 பங்கு. வெறும் சதவீதம் கண்ணை ஏமாற்றும் என்பதால் நேரடி எண்ணையும் சொல்கிறேன். உணவு பெறாத குடும்பங்களில் 4,724 பேரில் 122 பேருக்கு நோய் வந்தது, பெற்ற குடும்பங்களில் 5,621 பேரில் 96 பேருக்கு. சுமார் 30 குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்குக் காசநோய் வராமல் தடுக்கலாம். நோயாளிகள் பக்கத்திலும் ஒன்று தெரிந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களின் மரண ஆபத்து 61 விழுக்காடு குறைவாக இருந்தது. இங்கே எச்சரிக்கை தேவை: நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கொடுக்கப்பட்டதால் இது குலுக்கல் ஒப்பீடு ஆகாது. தேறிவருபவர்களுக்குப் பசி எடுத்து எடை கூடியிருக்கலாம். குடும்பத்தாரின் முடிவுக்குள்ள உறுதி இதற்கு இல்லை.

1959இன் முடிவை 2023இன் முடிவு பொய்யாக்கவில்லை. சென்னை நோயாளிகள் உண்மையைத்தான் சொன்னார்கள். ஜார்க்கண்ட் குடும்பங்களும் உண்மையைத்தான் சொன்னார்கள். நடுவில் அறுபது ஆண்டுகள் நாம் ஒரு விடையை வேறொரு கேள்விக்குச் சூட்டிவைத்திருந்தோம்.

காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய் ஆனது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. நோய் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியரோ சுகாதார ஊழியரோ நோயாளியின் உயரத்தையும் எடையையும் அளக்கிறார். மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுகிறார், விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்க்கிறார், கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் உடல் எடைக் குறியீடு 14ஐத் தாண்டவில்லை என்றால், மற்ற அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், அந்த நோயாளியை மாத்திரைப் பட்டையோடு வீட்டுக்கு அனுப்புவதில்லை. விரிவாகப் பரிசோதித்து மருத்துவமனையில் சேர்த்து, அங்கே மருந்தோடு சோறும் ஊட்டச்சத்தும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.